முறைப்பாடு செய்தால் வெளியில போறது ஆர்?

2014 நவம்பரில் இலங்கை மகளிர் கிரிக்கெட் அணியைப் பற்றி ஒரு செய்தி வந்தது. அணியில் இடம் கிடைக்க வீராங்கனைகளிடம் பாலியல் இலஞ்சம் கேட்கிறார்கள் என்று. அப்போது நாங்கள் புலமைப்பரிசில் பரீட்சை வயதுக்காரர். வீட்டில் ஒருத்தரும் இதைக் கதைத்த ஞாபகம் இல்லை. ஓய்வுபெற்ற நீதியரசர் நிமல் திசாநாயக்க தலைமையிலான குழு விசாரித்தது. அணி நிர்வாகத்தினரால் வீராங்கனைகள் பலர் துன்புறுத்தப்பட்டதற்குச் சான்று உண்டென்று 2015 மே மாதம் விளையாட்டுத்துறை அமைச்சு அறிவித்தது.

'பாலியல் இலஞ்சம்' என்ற சொல்லே எங்களுக்கு உறுத்துது. 2023இன் ஊழல் எதிர்ப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியது நல்லதுதான். ஆனா இலஞ்சம் எண்டால் ரெண்டு பேரும் பேசி முடிச்ச மாதிரி ஒரு தொனி. பெயர்ப்பட்டியல் ஒருத்தன்ர கையில, பெட்டையின்ர ஏழெட்டு வருச உழைப்பு அந்தப் பட்டியலில. இதில என்ன பேரம்?

விளையாட்டில் தொடுகைக்கு எப்பவும் ஒரு காரணம் இருக்கும்: உடம்பை நிமிர்த்திவிட, பிடிப்பு எடுக்க. 2021 மே மாதம் சென்னையில் தடகளப் பயிற்றுநர் நாகராஜன், காயத்துக்குச் சிகிச்சை என்ற பேரில் அத்துமீறினார் என்ற முறைப்பாட்டில்தான் கைதானார்.

டெல்லியில் மல்யுத்த வீராங்கனைகள் 2023இல் தெருவில் இருந்து போராடினார்கள். சம்மேளனத் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் குற்றச்சாட்டை மறுத்தார். டிசம்பரில் அவருக்கு நெருக்கமானவரே தலைவரானார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற சாக்ஷி மலிக் சப்பாத்தை மேசையில் வைத்துவிட்டு விளையாட்டை விட்டார்.

இதைக் கதைச்சுக்கொண்டிருக்கேக்க வலைப்பந்து விளையாடுற சிநேகிதி ஒருத்தி சொன்னாள், "எங்கட வீட்டில எண்டால் அம்மாவே என்ர சப்பாத்தை ஒளிச்சு வைப்பா" எண்டு. உண்மைதான். யாழ்ப்பாணத்தில் பெட்டையை மைதானத்துக்கு விடுறதே வீட்டில பெரிய வழக்கு. பிராக்டிஸ் முடியப் பொழுதுபட்டால் அப்பா மோட்டச்சைக்கிளோட வாசலில நிப்பார். கொழும்பில போட்டி எண்டால் மாமி வரைக்கும் கேள்வி. சேர் தொட்டது சரியில்லை என்று இந்த வீட்டில் சொன்னால் அடுத்த நாள் நிற்கப்போவது சேர் இல்லை, அவளின் விளையாட்டு. வீட்டாருக்குப் பயம், அவர்களைக் குறை சொல்லவும் மனம் வருகுதில்லை. ஆனா கை வைக்கிறவனுக்கும் இந்தப் பயம் நல்லாத் தெரியும்.

அணியோட ஒரு பெண் பொறுப்பாளர் போகோணும் என்று சொல்வார்கள். போகட்டும். அதோட, முறைப்பாடு வந்த அண்டையிலிருந்து விசாரணை முடியுமட்டும் கோச் மைதானத்துக்கு வெளியில நிக்கோணும், வேற ஆள் பழக்கோணும் எண்டும் எழுத்தில வேணும். அவளின்ர பேர் பட்டியலில அப்படியே இருக்கோணும்.