பசிச்சவன்கிட்ட பாட்டு கேட்காதே!

‘ங்ங்ங்ங்...’

பெரியப்பாவோட சிந்தசைசரை ஆன் பண்ணதும் வந்த முதல் ராகம் இதுதான்.

புதுச்சேரியில் ‘சொல்தா’ வீடுன்னா எல்லோருக்கும் தெரியும். 1962-க்கு அப்புறம் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருந்த குடும்பங்களிலிருந்து பலர் பிரான்ஸ் ராணுவத்துக்குப் போனாங்க. பெரியப்பாவும் அப்படித்தான். மத்தவங்க சென்ட் பாட்டிலோடு ஊர் திரும்ப, இவர் கொண்டுவந்தது ரோலண்ட் ஜூனோ-106. 1984-ல் அறிமுகமான மாடல். ரோலண்டுன்னா சும்மா இல்லை பாஸ்! 1982-ல் சரண்ஜித் சிங் அந்த கம்பெனி மெஷின்களை வச்சுத்தான் பத்து ராகங்களுக்கு டிஸ்கோ தாளம் போட்டு ரெக்கார்ட் பண்ணினார்.

ஜூனோவில் 128 ஒலிகளைச் சேமிக்கலாம். பாதிக்கு மேல் பெரியப்பாவே ஸ்லைடரைத் தள்ளித் தள்ளி உருவாக்கினவை. அதுல ஒண்ணு பெரியம்மாவுக்குப் பிடிச்சது. பெரியம்மா இப்போ இல்லை.

‘‘நீ ட்ரிப்பிள் ஈ தானேடா படிக்கிற? பாரேன்!’’

படிக்கிறேன்தான். ரெக்டிஃபையர் பத்து மார்க் கேள்வின்னா கண்ணை மூடிட்டு எழுதுவேன். கண்ணைத் திறந்து பார்த்தது அன்னிக்குத்தான். கேபிளை மாத்தினேன், ஆம்ப்பை மாத்தினேன்... ‘ங்ங்ங்’ போகலை. கூடவே டிஸ்ப்ளே மினுக் மினுக்னு ஆகி, மெஷின் தானாகவே ரீஸ்டார்ட் ஆச்சு.

ரேடியோ ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். சிரிச்சார். ‘‘பசிச்சவன்கிட்ட பாட்டு கேட்டா எப்படித் தம்பி வரும்? முதல்ல சோறு சரியா போகுதான்னு பாரு.’’

சோறுன்னா பவர் சப்ளை. ப்ளஸ் 15, மைனஸ் 15, 5 வோல்ட்... மூணும் வரணும். 5 வோல்ட் லைன்ல 4.6 தான் காட்டுச்சு. மீட்டரை ஏ.சி-க்கு மாத்தினா, அங்கே ஏ.சி-யும் கலந்திருக்கு! நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையர் தாண்டினதும் 100 ஹெர்ட்ஸ் மேடுபள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்புறதுதான் ஃபில்டர் கெப்பாசிட்டர் வேலை. அது காய்ஞ்சு போனா பள்ளம் அப்படியே ‘ங்ங்ங்’னு ஸ்பீக்கர்ல வரும். பத்து டிகிரி சூடு கூடினா கெப்பாசிட்டர் ஆயுள் பாதியாகும்னு ஒரு கணக்கு இருக்கு. புதுச்சேரி வெயிலுக்குக் கேட்கவா வேணும்!

‘‘மாத்திடலாம்ணே, ஈஸி!’’னு ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன். கையைப் பிடிச்சார். போர்டில் ஒரு காசு சைஸ் பேட்டரி. 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.4. ‘‘இதுதான் அத்தனை ஒலியையும் காப்பாத்திட்டிருக்கு. இது போனா எல்லாம் போச்சு.’’

ஒலிகளை டேப் ஜாக் வழியா லேப்டாப்பில் ரெக்கார்ட் பண்ணலாம். ஆனா, அது முடியறதுக்குள்ள மெஷின் ரீஸ்டார்ட் ஆகுது. அதனால பேட்டரியைத் தொடாம முதல்ல சப்ளையைச் சரி பண்ணியாகணும். பரீட்சை ஹால்லகூட எனக்கு இப்படி வேர்த்ததில்லை.

ப்ளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தேங்கின சார்ஜை ரெசிஸ்டர் வச்சு இறக்கினார் அண்ணன் (பிடுங்கின பிறகும் ஷாக் அடிக்கலாம், தெரிஞ்சவங்க இல்லாம இறங்காதீங்க!). அதே மைக்ரோஃபாரட், 105 டிகிரி ரகம். ப்ளஸ், மைனஸ் பார்த்து நானே சால்டர் வச்சேன். அடுத்து சீரிஸ் லேம்ப். உள்ளே ஷார்ட் இருந்தா பல்ப் பளிச்னு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு கணம் எரிஞ்சு... மங்கிடுச்சு. அப்பாடா!

5.0 வோல்ட். ‘ங்ங்ங்’ இல்லை. 128-ம் லேப்டாப்பில் ஏறிச்சு. அப்புறம்தான் பேட்டரியை மாத்தி, ஒலிகளைத் திரும்ப ஏத்தினோம்.

பெரியப்பா ‘ஏ-37’ஐ அழுத்தி வாசிக்க ஆரம்பிச்சார். ஹாலே அதிர்ந்துச்சு.

‘‘சவுண்டைக் குறைக்கட்டுமா பெரியப்பா?’’

சுவரில் இருந்த பெரியம்மா போட்டோவைப் பார்த்தார்.

‘‘வேணாம்டா. அவளுக்கும் கேட்கட்டும்.’’