நாடி பேசாத கை

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தே வியாதியைச் சொல்லும் வைத்தியர்கள் கும்பகோணத்தில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணின் இடது கையை அவர்களிடம் நீட்டியிருந்தால் திகைத்துப் போயிருப்பார்கள். அதில் நாடியே இல்லை.

வயசு 22. குடம் தூக்கினால் கை சோர்ந்துவிடும். தகாயாசு நோயாம். ஜப்பானியக் கண் வைத்தியர் மிகிதோ தகாயாசு 1908-ல் விவரித்தது. பெரும்பாலும் இளம் பெண்களைத்தான் பிடிக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே பெரிய ரத்தக்குழாய்ச் சுவரில் புகுந்து அழற்சி மூட்டுகின்றன. சுவர் தடித்து வழி சுருங்குகிறது. இதன் வேகத்தை அளக்க 'ஐடாஸ் 2010' என்ற மதிப்பெண் முறையை வகுத்தவர்கள் இந்திய வைத்தியர்களே.

ஒரு வருஷம் மாத்திரை தின்றாள். முகம் உப்பிவிட்டது. உள்ளே நெருப்பு அணைந்ததா, நீறு பூத்திருக்கிறதா? ரத்தப் பரிசோதனை சில சமயம் ஏமாற்றும். அதற்குத்தான் பெட் ஸ்கான். கதிரியக்க ஃப்ளோரின் ஒட்டிய சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்கள். சண்டை போடும் அணுக்களுக்குப் பசி அதிகம். தின்ற இடம் படத்தில் ஒளிரும். அந்த ஃப்ளோரின் 110 நிமிஷத்தில் பாதியாகிவிடும். நம் கொழுந்து வெற்றிலைகூட அவ்வளவு அவசரமாக வாடாது.

படம் எல்லாம் சொல்லிவிடாது. புற்றும் சர்க்கரை தின்னும். ஸ்டீராய்டு ஒளியை மங்க வைக்கும். பார்த்துச் சொல்ல மனிதர் வேண்டும்.

"மாத்திரையைக் குறைப்பாங்களா மாமா?" அவள் கேட்டது அவ்வளவுதான்.

கழுத்துக் குழாய் லேசாக மினுங்கிற்று. குறைக்கவில்லை, இன்னொரு மருந்தையும் சேர்த்தார்கள். அழுதாள். அழுகையோடேயே சாப்பிட்டுவிட்டு, மாத்திரைகளை எண்ணி விழுங்கினாள்.