அன்னாசித் தோட்டத்தில் மங்கிய படம்

பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாஸில் ஊர்ப் பெயரிலேயே அன்னாசி மணக்கிறது. அங்குள்ள அன்னாசி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, நண்பகலில் தோட்டத்தின் மறுகோடியில் நின்ற கொக்கை 300 மி.மீ. ஜூம் லென்ஸில் எடுத்தேன். எல்லாமே மங்கல். ஷட்டர் வேகம் 1/1000. கை நடுக்கமாக இருக்காது. மலிவு ஃபில்டரைக் கழற்றினேன் (பலருக்கு வியாதியே அதுதான்). மாற்றமில்லை. லென்ஸை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கடைசியாக, பக்கத்துப் பழக்கடைப் பலகையை எடுத்தேன். ஒவ்வோர் எழுத்தும் துல்லியம்! லென்ஸில் குறையில்லை. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றுதான் தொலைவுக் காட்சியை நெளிய வைத்திருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் கானலிடம் தோற்கும்.

இரவு தங்கி, காலை ஏழரைக்கு அதே இடத்துக்குப் போனேன். கொக்கைக் காணோம். அன்னாசி இலை முட்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.