பெட்டிக்குள் ஒரு ரூபாய்



பழங்காசு வாங்குவதைப் பற்றி எழுதச் சொல்லி உள்பெட்டியில் பலர் கேட்டிருந்தீர்கள். வகுப்பில் ஜார்ஜ் மன்னர் ரூபாயை மேசைமேல் சுண்டி ஓசை கேட்கவைத்த வாத்தியார் என்ற நினைப்பு இன்னும் உங்களுக்குப் போகவில்லை போலும். இந்த மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவனிடம் அனுமதி வாங்கியாயிற்று. பெயர் வேண்டாம். 94ஆம் வருடப் பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச், அது போதும்.

1939ஆம் வருடத்து ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். விலை ஒரு லட்சத்து அறுபதாயிரம். முன்பணம் ஐயாயிரம் கட்டிவிட்டான். மீதியை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போட்டு வைத்த டெபாசிட்டை உடைத்துக் கொடுப்பதாகத் திட்டம். "அமெரிக்கா கம்பெனி சீல் வச்ச பெட்டியில இருக்கு சார். போலிங்கிற பேச்சுக்கே இடமில்ல" என்றான்.

அந்த ரூபாய்க்கு ஏன் அந்த விலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல், காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பழைய தரத்தில் வந்த கடைசி வருடக் காசு 1939. அதில் தப்பிப் பிழைத்தவை மிகக் குறைவு. ஆனால் 1938 காசு கிடைக்கும். அதன் 8ஐச் செதுக்கி 9 ஆக்குவது ஒரு கைத்தொழிலாகவே நடக்கிறது.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்ததுதான் கிரேடிங். பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் அமெரிக்காவில் தொடங்கின. காசை நிபுணர்கள் பார்த்து, அசல்தானா என்று தீர்மானித்து, 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள். அந்தப் பெட்டிக்கு ஸ்லாப் என்று பெயர். 60க்கு மேல் எம்எஸ் என்று போட்டிருந்தால் புழக்கத்தில் படாத காசு. ஏன் 100 இல்லாமல் 70 என்று கணக்கு வாத்தியார் மனம் கேட்கிறதல்லவா? 1949இல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய செம்பு சென்ட் காசுகளுக்காக இந்த அளவுகோலைப் போட்டார். குற்றமே இல்லாத காசு, தேய்ந்துபோன 1ஆம் எண் காசைப்போல எழுபது மடங்கு பெறும் என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு எப்போதோ பொய்யாகிவிட்டது, எண் மட்டும் நின்றுவிட்டது.

பெட்டிக்குள் போன காசைத் தராசில் வைக்க முடியாது, சுண்டிப் பார்க்க முடியாது. பெட்டியைத்தான் நம்ப வேண்டும். அதனால் போலிக்காரர்கள் இப்போது பெட்டியையே செய்கிறார்கள், லேபிள், ஹாலோகிராம் எல்லாம் சேர்த்து.

லேபிளில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். நம் ஆளும் பார்த்திருந்தான். 1939 ரூபாய் என்றே வந்தது, தரமும் சரியாக இருந்தது. அதோடு நிம்மதியாகிவிட்டான். அசல் காசு ஒன்றின் எண்ணைத் திருடிப் போலிப் பெட்டியில் அச்சிட எவ்வளவு நேரம் ஆகும்? "அந்தப் பக்கத்தில் படம் இருக்கிறதா, அதைப் பெரிதாக்கு" என்றேன். இருந்தது. தளத்தில் இருந்த ரூபாயில் மன்னரின் கழுத்துக்குக் கீழே மிளகளவு கறுப்புப் புள்ளி. விற்பவர் அனுப்பிய படத்தில் கழுத்து துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. மூடிய பெட்டிக்குள் புள்ளி எப்படி மறையும்? விற்பவரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டான். அன்று மாலையே எண்ணைப் பிளாக் செய்துவிட்டார். ஐயாயிரம் போனது போனதுதான். டெபாசிட் அப்படியே இருக்கிறது. மகள் இந்த ஜூனில் சேருகிறாள்.

லேபிளை முழுதாகப் படியுங்கள் என்று அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். எண் இல்லாமல் 'டீட்டெய்ல்ஸ்' என்று இருந்தால் காசு அசல், ஆனால் யாரோ தேய்த்திருக்கிறார்கள் அல்லது சேதப்படுத்தியிருக்கிறார்கள். 'ரீஸ்ட்ரைக்' என்று இருந்தால் நாணயச்சாலையே பிற்காலத்தில் பழைய அச்சில் அடித்துக் கொடுத்தது, விலை வேறு. விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏலங்களில் அதே தரக் காசு உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். பில் தராதவர், திருப்பி எடுக்க மாட்டேன் என்பவர், "இன்று இரவுக்குள் சொல்லுங்கள்" என்பவர், இவர்களிடம் பேச்சை வளர்க்கவே வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. தாத்தா வைத்த விக்டோரியா ரூபாயைக் கிரேடிங் செய்கிறேன் என்று சூட்கேஸில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நூறு வருடம் கடந்த காசு 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். அதை நாட்டைவிட்டு எடுத்துப்போவது குற்றம். 1911இல் வந்த 'பன்றி ரூபாய்', அதாவது ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கும் யானை பன்றிபோல் தெரிகிறது என்று கலவரப்பட்டுத் திரும்பப் பெற்ற அந்தக் காசு, அதுவும் இதில் அடங்கும்.

வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் தருகிறார்களாமே என்று மாதம் ஒருமுறை கேட்கும் என் மைத்துனருக்கு: அத்தான், தர மாட்டார்கள். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி என்று உங்களிடம்தான் வாங்குவார்கள். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் அடித்த காசும் கம்பெனி அடித்ததல்ல. பூஜை அறையில் வைத்துக் கும்பிடலாம், தப்பில்லை.

பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு பித்தளைச் சொம்பு நிறையக் காசு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தீபாவளிக்குள் வந்து பார்க்கிறேன். அதுவரை யாரும் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். திருநீறும் வேண்டாம்.