பறக்காத மின்னல்

முடிந்த செயல்களை வரலாறு போற்றி வைக்கிறது. முடியாமற்போனவற்றை விரைவில் மறந்துவிடுகிறது. ஆயினும் மறக்கப்பட்டவற்றிலும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கவை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியக் கடற்படைக்கென ஐச்சி நிறுவனம் உருவாக்க முற்பட்ட ‘டென்கோ’ என்னும் இரவுப் போர்விமானம் அவற்றுள் ஒன்று. டென்கோ என்பதற்கு மின்னொளி என்று பொருள்.

இருளில் வரும் குண்டுவீச்சு விமானத்தை வெறுங்கண்ணால் காண்பது அரிது. ஆகவே, அதனை எதிர்க்கும் விமானம் ரேடார் கருவியையும், அதனை இயக்கும் துணைவரையும், பகை விமானத்தைச் சில நொடிகளில் வீழ்த்தவல்ல பீரங்கிகளையும் சுமந்து செல்ல வேண்டும். இத்தகைய காவலின் அருமையை வங்கத்தில் குடியேறிய நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1942 டிசம்பர் 20-ஆம் நாள் இரவு ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவின்மீது முதன்முறையாகக் குண்டு வீசின. மக்கள் திரள் திரளாக நகரைவிட்டு நீங்கினர். 1943 ஜனவரி 15-ஆம் நாள் இரவு, ரேடார் பொருத்திய பிரிட்டிஷ் விமானத்தில் சென்ற பிரிங் என்னும் வீரர், சில நிமிடங்களில் மூன்று விமானங்களை வீழ்த்தினார். நகரம் சற்றே ஆறுதல் கொண்டது.

காலச் சக்கரம் சுழன்றது. 1944-இல் நம் கரக்பூரைச் சூழ்ந்த விமானத் தளங்களில் அமெரிக்காவின் ‘பி-29’ விமானங்கள் வந்து இறங்கின. அவை சீன நாட்டுச் செங்டு வழியாகச் சென்று, ஜூன் 15-ஆம் நாள் இரவு ஜப்பானின் யவாட்டா எஃகு ஆலையைத் தாக்கின. பிறர் இரவைக் கலைத்த நாட்டின் இரவு இப்போது கலைந்தது.

ஜப்பானிடம் அப்போது ‘கெக்கோ’, அதாவது நிலவொளி, என்ற இரவுப் போர்விமானம் இருந்தது. மிக உயரத்தில் விரைந்து செல்லும் பி-29-ஐத் துரத்த அதன் வேகம் போதவில்லை. அதற்கு மாற்றாகக் கடற்படை 1943-லேயே கேட்டதுதான் டென்கோ. அதில் 20, 30 மில்லிமீட்டர் பீரங்கிகளும், முதுகுப்புறத்தில் சுழலும் பீரங்கி மேடையும் அமைவதாக இருந்தன. வேண்டியவற்றையெல்லாம் ஏற்ற ஏற்ற எடை பத்து டன்னைக் கடந்தது, வேகம் குறைவதாயிற்று. 1944 டிசம்பர் 7-ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் நகோயா வட்டாரத்து ஆலைகளைக் குலைத்தது. தொடர்ந்து குண்டுவீச்சு. கட்டப்பட்டு வந்த இரண்டு மாதிரி விமானங்களும், முற்றுப்பெறு முன்னரே, 1945-இல் குண்டுகளுக்கு இரையாயின. மின்னல் ஒருநாளும் வானம் ஏறவில்லை.

இதனினும் நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. 1945 ஜூன் 9-ஆம் நாள் காலை, நகோயாவின் அட்சுட்டா பகுதியிலிருந்த ஐச்சி ஆலைகள் தாக்கப்பட்டன. அபாயம் நீங்கியதென்று சங்கு ஒலித்தமையால் தொழிலாளர் தத்தம் இடங்களுக்குத் திரும்பியிருந்தனர். பத்து நிமிடங்களுக்குள் சுமார் 2,000 பேர் மாண்டனர். பள்ளியை விடுத்து ஆலை வேலைக்கு அனுப்பப்பட்ட மாணவ மாணவியரும் அவர்களுள் அடங்குவர். இரவைக் காக்கும் விமானத்தைச் செய்த நிறுவனத்தார்க்குப் பகலிலும் காவல் இல்லை.

டென்கோ பறந்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்களா? நாம் அவ்வாறு கருதவில்லை. 1945 மார்ச் 10-ஆம் நாள் இரவில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்ட தீயை ஓரிரு மாதிரி விமானங்கள் தடுத்திருக்க இயலாது. போரைத் தொடங்கிய அரசு தன் குழந்தைகளுக்குத் தரக்கூடிய காவல் ஒன்றே. அது போரை நிறுத்துவது. அதனை விடுத்து ஆயுதத்திற்கு மேல் ஆயுதம் தேடியது.

அன்று அமெரிக்கக் குண்டுவீச்சுப் படையின் தலைமையகமாக இருந்த ஹிஜ்லியில், 1951 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நடந்து வருகிறது. பழைய கட்டடத்தில் இன்று அறிவியல் அருங்காட்சியகம் உள்ளது. நம் வீட்டுப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போது, அட்சுட்டாவில் படிப்பை இழந்து உயிரையும் இழந்த பிள்ளைகளைப் பற்றியும் சொல்லி வைப்போமாக.