கோடைக்குக் கம்பளி

பின்மார்க்கில் கோடை வந்துவிட்டது என்றால் அலுமாரிக்குள்ளிருந்து முதலில் வெளியே வருவது கம்பளி உடுப்பு. எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் அந்த வடகோடிக்கு மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய்ச் சேர்ந்த எங்கட பொடியளுக்கு இது பெரிய பகிடி. மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை முடியுமட்டும் சூரியன் மறையாது. நடுச்சாமத்திலும் யன்னலுக்கால் வெயில் அடிக்கும். அப்படியிருந்தும் நாங்கள் இருந்த போட்ஸ்பியூருக்கு மேலேயுள்ள வெட்டவெளியில் வெப்பம் பத்துப் பாகையைத் தாண்டினால் அது நல்ல நாள். பாரன்ட்ஸ் கடலிலிருந்து காற்றுத் திரும்பினால் போதும், மழை மேலிருந்து விழாது, பக்கத்தால் வந்து அறையும்.

ஊரில் பருத்தியைப்போல உத்தமமான துணி கிடையாது. அங்கே அதுதான் சத்துரு. நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டைக் குடித்துவிடும். கம்பளி நனைந்தாலும் சூடு தரும். வெட்டவெளியில் கூடாரமடித்துத் தங்கப் போகும் வாரங்களில், எங்களோடு வேலை செய்த நோர்வேக் கிழவர் ஒருவர் வெள்ளிக்கிழமை வேலை முடிய எங்கள் அறைக்கு வருவார். கட்டிலில் பரப்பி வைத்திருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். ஜீன்ஸ் கண்ணில் பட்டால் எடுத்துக் கதிரையில் எறிவார். விளக்கமெல்லாம் கிடையாது. எங்களுக்கும் அவருடைய மொழி அரைகுறை, அவருக்கும் வாய் திறப்பதில் பெரிய விருப்பமில்லை.

பொதி கட்டும் ஒழுங்கும் அவர் காட்டியதுதான். நித்திரைப் பை அடியில். பாரமான சாமான் நடுவில், முதுகோடு ஒட்டி. மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே, கையை விட்டவுடன் அகப்பட வேண்டும். மாற்றுக் கம்பளிக் காலுறை ஒரு சோடி, பொலித்தீன் பையில் காற்றுப் போக முடிந்து, ஆர் என்ன சொன்னாலும் கூடாரத்துக்குள் போகுமட்டும் தொடக்கூடாது. காலுக்கு முழங்கால் வரை வரும் றப்பர் சப்பாத்து. படங்களில் வரும் மலையேறிகளின் தோல் சப்பாத்து அந்தச் சதுப்பு நிலத்தில் சரிவராது. பிறகு நுளம்பெண்ணெய், தலைக்கு மூடும் வலை. அங்கத்தைய நுளம்புக்கு முன்னால் யாழ்ப்பாணத்து நுளம்பு பால்குடி.

முதுகுப்பைகள் பள்ளிக்கூட வாத்தியக்குழுவுக்குக் காசு சேர்க்க நடத்தும் பழம்பொருள் சந்தையில் வாங்கியவை. இரும்புச் சட்டம் வைத்த பழைய பேர்கன்ஸ் பைகள். 1908இல் தொடங்கிய கொம்பனி அது. சட்டம் முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைந்திருக்கும். வெறும் பையே தோளை இழுக்கும். கிழவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் மீன் நிறுக்கிற தராசில் வைப்பார். முள் நிற்குமட்டும் பார்த்துவிட்டு எங்கள் உடம்பை மேலும் கீழும் பார்ப்பார். நாங்களெல்லாம் அப்போது ஒல்லிப்பிச்சான்கள். ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் திணிப்பார். மரமே இல்லாத நிலம், விறகு கிடையாது. அதனால் ஸ்பிரிட் அடுப்பு ஒருவருக்கு, சிவப்புச் சாயம் போட்ட அந்த ஸ்பிரிட் போத்தல் இன்னொருவருக்கு, கூடாரத் துணி ஒருவருக்கு, தடியும் முளையும் வேறொருவருக்கு. சட்டி எப்போதும் எங்களில் மூத்த அண்ணைக்கு.

இந்தப் பங்கு பிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாச்சி வந்து நிற்பா. செல்வச்சந்நிதிக் கோயிலிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்கு யாத்திரையாக நடந்தவ. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், பிறகு உகந்தையைத் தாண்டிக் காடு. கூட்டமாய்ப் போனால் பானை ஒருவர் தலையில், அரிசி ஒருவர் தோளில், புளியும் உப்பும் செத்தல் மிளகாயும் இன்னொருவர் முடிச்சில். "பானைக்காரியோட ஒருத்தரும் கோவிக்கேலாது மோனை" என்று சொல்லுவா. அவவுடைய முடிச்சில் மாற்றுச் சேலை ஒன்று, விபூதிப் பை, பனாட்டுத் துண்டு. கம்பளி என்ற சொல்லே அவவுக்குத் தேவைப்பட்டிராது. போர் வந்து அந்தப் பாதை அடைபட்ட காலத்தில்தான் நான் இங்கே கிழவரின் தராசுக்கு முன்னால் நின்றேன்.

சாப்பாட்டில் மட்டும் கிழவர் சொல்லுக் கேட்கப்படவில்லை. பாண் துண்டுகளுக்கிடையில் கடதாசி வைத்து அடுக்கிய பொதியும் மண்ணிறப் பாற்கட்டியும் அவருக்கு. எங்களுக்குத் தக்காளிச் சாற்றில் போட்ட மக்கரல் மீன்ரின். அதை அப்படியே பாணில் தடவித் தின்பது அவர்கள் வழக்கம். நாங்கள் வெங்காயம் வெட்டிப் போட்டு, ஊரிலிருந்து ஆரோ கொண்டுவந்து தந்த மிளகாய்த்தூளைக் கொட்டிச் சட்டியில் பிரட்டுவோம். அந்த வாசம் கூடாரத் துணியை விட்டுப் போகவே போகாது. கிழவர் ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, ஓடைத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். அடுத்த தடவை கரண்டியோடு முதலாவதாக வந்து குந்தினவரும் அவர்தான்.

பையின் வெளிப்பொக்கற்றில் ஆளுக்கொரு குவிக் லுன்ஷ் சொக்கலேற். 1937இலிருந்து வருகிற சாமான். உறையின் உட்பக்கத்தில் மலைக்குப் போவோருக்கான விதிகளை அச்சடித்திருப்பார்கள். 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் செத்த பிறகு அந்த விதிகளை நாடு முழுக்கப் பரப்பினார்கள். போகுமிடத்தைச் சொல்லிவிட்டுப் போ, தனியே போகாதே, வேளையோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்ற மாதிரி. எங்களில் சிலர் நோர்வே மொழி எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினதே அந்த உறையில்தான். புறப்படுமுன் மீனவர்களுக்கான காலநிலை அறிக்கையை வானொலியில் கேட்போம். பாதி விளங்கும். மீதியைக் கிழவரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

பிறகு அறைகள் ஒவ்வொன்றாக வெறித்தன. பிள்ளைகளின் படிப்பு, சொந்தபந்தம், கோயில் என்று பெரும்பாலானோர் ஒஸ்லோப் பக்கம் இறங்கினோம். சிலர் லண்டனுக்கும் கனடாவுக்கும் போனார்கள். கிழவர் இறந்த செய்தி ஒரு நத்தார் வாழ்த்து அட்டையில், வேறு ஆரோ எழுதி வந்தது.

இப்போது என் மகள் யோத்துன்ஹெய்மன் மலைகளுக்குப் புறப்படும்போது பார்க்கிறேன். கூடாரம் ஒரு பாண் அளவு. அடுப்பு உள்ளங்கைக்குள் அடங்கும். வெந்நீர் ஊற்றினால் சோறாகிற பொதி. வரைபடமும் காலநிலையும் போனில். எல்லாம் அவளுடைய ஒரே பையில், அதுவும் நான் ஒரு விரலால் தூக்கக்கூடிய பை. நல்ல சாமான்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சட்டி ஆரிடம், அடுப்பு ஆரிடம் என்று ஒருவருக்கும் போன் எடுக்கத் தேவையில்லாமல் அவள் பொதி கட்டி முடித்துவிடுகிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் சட்டி எங்கே போனதென்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ரொறன்ரோவுக்குப் போனவன் கொண்டுபோய்விட்டான் என்கிறார் அண்ணை. அண்ணையின் நிலவறையில்தான் கிடக்கும், வடிவாய்த் தேடச் சொல்லு என்கிறான் ரொறன்ரோக்காரன். போன மாதமும் இதே கதையில் முக்கால் மணித்தியாலம் போனது.