அமர்கண்டகம் சென்ற வழியில்

நர்மதை பிறக்கும் இடத்தை ஒரு முறையேனும் காண வேண்டும் என்பது பிலாஸ்பூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் பலருக்கும் உள்ள ஆசை. நீராடும்போது நினைக்கப்பெறும் ஏழு நதிகளுள் நம் காவிரியோடு நர்மதையும் சேர்ந்திருக்கிறது. ஊரில் இருந்தபோது பெயராக மட்டும் கேட்ட நதி, பிழைப்புக்காக வந்த இடத்தில் பக்கத்து வீடு போல் ஆகிவிட்டது. ஆயினும் பக்கத்தில் இருப்பதைப் பார்க்க நாள் வாய்ப்பதில்லை. எங்களுக்கும் அப்படியே பல ஆண்டுகள் கழிந்தன.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்த நாள் வந்தது. மகிழ்ச்சிக்குரிய காரணத்தால் அன்று. தந்தையாரின் முதலாம் ஆண்டுத் திதியை நர்மதைக் கரையில் செய்ய வேண்டும் என்று அன்னையார் விரும்பினார். ஓமான் நாட்டில் சோஹார் நகரில் வேலை பார்க்கும் தம்பியும் விடுப்பில் வந்திருந்தான். தந்தையாரின் இறுதிச் சடங்குக்கு அவன் வந்து சேரவில்லை. அது பற்றி அவனும் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஓராண்டாகத் தொலைபேசியில் நலம் விசாரிப்பதோடு பேச்சு நின்றிருந்தது.

பிலாஸ்பூரிலிருந்து கட்னி செல்லும் ரயில் பாதையில் பெண்ட்ரா ரோடு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மலையேறுவதே எளிய வழி. ரயில்வே குடும்பத்தாராகிய நாங்கள் அவ்வழியை விட்டுக் காரில் புறப்பட்டதை நண்பர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள். அன்னையாருக்கு முழங்கால் வலி. நிலையத்துப் படிகள் ஏற இயலாது. அதோடு வீட்டில் தந்தையார் வாங்கி வைத்த பழைய அம்பாசிடர் வண்டி ஒன்று இருந்தது. "அவர் வண்டியிலேயே போவோம்" என்று அன்னையார் சொன்ன பிறகு மறுப்பதற்கு இடமில்லை.

காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் ரத்தன்பூர். கலசூரி மன்னர்களின் பழைய தலைநகரம். மகாமாயை கோயிலால் புகழ் பெற்றது. ஊரைச் சுற்றிலும் குளங்கள். அம்மனைத் தரிசித்து, கொண்டு சென்ற புளியோதரையை ஒரு குளக்கரை மர நிழலில் உண்டோம். எங்கள் மகன் மட்டும் வண்டியில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி வைத்து, கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தான். அதை நாங்கள் கவனித்தும் பொருட்படுத்தவில்லை. பின்னால் வந்த துன்பத்துக்கு விதை அதுதான் என்று அப்போது தெரியவில்லை. திரும்பப் புறப்படும்போது வண்டி இரண்டு முறை முரண்டு பிடித்து, மூன்றாம் முறை கிளம்பியது.

கேந்தாவைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்குகிறது. இரு மருங்கும் சால மரக் காடு. இடையிடையே மகுவா மரங்கள். மகுவா என்பது நம் இலுப்பையே. கோடையின் தொடக்கத்தில் அதன் சதைப்பற்றுள்ள பூக்கள் விடியலில் உதிர்கின்றன. கோண்டு, பைகா மக்கள் அவற்றைக் கூடை கூடையாகப் பொறுக்கி வாசலில் உலர்த்துகிறார்கள். சாலையோரக் குடிசைகளின் முன் பூக்கள் காய்ந்துகொண்டிருந்தன. காற்றிலேயே ஓர் இனிப்பு மணம் இருந்தது.

மூன்று மணி அளவில், ஏற்றத்தின் நடுவில் வண்டி தும்மியது, பிறகு இருமியது, பிறகு நின்றுவிட்டது. கைப்பேசியில் தொடர்பும் இல்லை.

கோடையில் மலை ஏறும் அம்பாசிடர் நின்றால், பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொண்டது என்றே யாரும் எண்ணுவர். நாங்களும் பானட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றி, கால் மணி நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினோம். கிளம்பி, நூறு கெஜம் ஓடி, மீண்டும் நின்றது. மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினோம். பேட்டரியின் குரல் தேயத் தொடங்கியது.

அப்போது விறகுச் சுமையோடு வந்த ஒரு முதியவர் நின்று பார்த்தார். "இருட்டுவதற்குள் போய்விடுங்கள், மகுவாப் பூ தின்னக் கரடி வரும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு நடந்தார். அன்னையாரும் குழந்தையும் உடன் இருக்கையில் அச்சொல் எங்களைக் கலக்கியது. விடிந்தால் திதி. கை தானாகவே மீண்டும் சாவிக்குப் போயிற்று.

தம்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, போதும். இது பெட்ரோல் கோளாறு அன்று, காயில் கோளாறு. இப்போது அதற்கு வேண்டியது ஓய்வுதான்" என்றான்.

அவன் காட்டிய சோதனை எளியது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவுக்கு வரும் தடித்த கம்பியைக் கழற்றினான். உலர்ந்த மரக் குச்சிகளின் இடுக்கில் அதைப் பிடித்து, அதன் முனையை எஞ்சின் இரும்புக்கு அரை விரற்கடை தூரத்தில் நிறுத்தினான். சாவியை ஒரு கணம் திருப்பச் சொன்னான். நல்ல காயிலானால் நீல நிறத்தில் சடசடவென்று பொறி பாய வேண்டும். எங்களுக்கு மங்கிய மஞ்சள் பொறி ஒன்று தோன்றி மறைந்தது. அடுத்த முறை அதுவும் இல்லை. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தாராளமாக வந்துகொண்டிருந்தது. காயிலைத் தொட்டால் கை சுட்டது.

காயில் என்பது ஒரு தகரக் குப்பிக்குள் இரும்புத் தண்டின் மேல் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். தடித்த கம்பி சில நூறு சுற்றுகள். மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுகள். பேட்டரியின் 12 வோல்ட் தடித்த சுருளில் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் திறக்கும் கணத்தில் அவ்வோட்டம் அறுபட, மெல்லிய சுருளில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின் அழுத்தம் எழுகிறது. அதுவே பிளக்கில் பொறியாகிறது. மயிரிழை போன்ற அக்கம்பியின் மேற்பூச்சு வெப்பத்தாலும் அதிர்ச்சியாலும் நைந்துபோனால், சூடேறும்போது மின்சாரம் வழி தவறுகிறது. ஆறினால் ஒழுங்காக ஓடுகிறது. சூட்டில் நின்று குளிர்ச்சியில் கிளம்புவது அந்நோயின் அடையாளம்.

நோய் எப்படி வந்தது என்பதையும் தம்பியே சொன்னான். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திருப்பி வைத்தால், பாயிண்ட் மூடிய நிலையில் இருக்குமானால், நான்கு ஆம்பியர் மின்சாரம் இடைவிடாது காயிலில் பாய்கிறது. நாற்பத்தெட்டு வாட் வெப்பம் அச்சிறு குப்பிக்குள் சேர்கிறது. ரத்தன்பூரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தது. மகன் தலை குனிந்தான். தவறு அவனுடையது அன்று, கண்டும் வாளாவிருந்த எங்களுடையது என்று அவனைத் தேற்றினோம்.

காயிலின் உடலில் மட்டும் ஈரத் துணியைச் சுற்றி, கம்பிகள் சேரும் முனைகளில் நீர் படாமல் பார்த்துக்கொண்டு, நாற்பது நிமிடம் உட்கார்ந்தோம். "சித்தப்பா, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று மகன் கேட்டான். தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்.

சோஹாரில் அவனிடம் சுழல் எஞ்சின் கார் ஒன்று இருந்ததாம். ஜெர்மானியர் பெலிக்ஸ் வாங்கெல் வகுத்த முறை அது. 1967இல் ஹிரோஷிமாவின் மஸ்டா நிறுவனம் இரண்டு சுழலிகள் கொண்ட எஞ்சினை அமைத்துக் கார் விற்றது. அதில் மேலும் கீழும் போகும் பிஸ்டன் இல்லை. முட்டை வடிவ அறைக்குள் முக்கோண வடிவச் சுழலி சுற்றுகிறது. தம்பியின் காரில் சுழலிகள் இரண்டு, பிளக்குகள் நான்கு, காயில்களும் நான்கு. ஒவ்வொரு சுழலிக்கும் முன்னே ஒரு பொறி, சற்றுப் பின்னே ஒரு பொறி. எஞ்சின் தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு காயிலும் பொறி தர வேண்டும். தனித்தனிக் காயில் உள்ள சாதாரணக் கார்களில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும். வேலை இரு மடங்கு, எஞ்சினின் வெப்பமும் மிகுதி. ஆதலால் காயில்கள் விரைவில் தளர்கின்றன. குறித்த காலத்தில் நான்கையும் மாற்றிவிட வேண்டும்.

"நம் வண்டியில் ஒரே காயில், அது போனால் வண்டி நின்றுவிடும். அதில் ஒன்று போனாலும் ஓடும். அதுதான் மோசம். வலு குறைந்தது தெரிந்தும் ஓட்டினேன். மாற்று என்று மெக்கானிக் ஒரு வாரம் முன்பே சொன்னார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்" என்றான் தம்பி.

தந்தையார் காலமான செய்தி கிடைத்த இரவு அவன் அந்தக் காரில்தான் மஸ்கட் விமான நிலையத்துக்குப் புறப்பட்டிருக்கிறான். இருநூறு கிலோமீட்டர் வழி. பாதித் தொலைவில் இன்னொரு காயிலும் போய், ஒரு சுழலி முழுவதும் செயலற்றது. அப்போதும் நிறுத்தாமல் விரட்டியிருக்கிறான். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் அங்கே பற்றி, வடிகட்டி கனன்று அடைத்துக்கொண்டது. நள்ளிரவு கடந்த நெடுஞ்சாலையில் கார் நின்றது. வேறு வண்டி கிடைத்து அவன் போய்ச் சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. அடுத்த விமானத்துக்குச் சீட்டு வாங்குவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

"வண்டி கெட்டுவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினாலும், என் அலட்சியம்தானே?" என்றான்.

அன்னையார் அவன் தலையில் கை வைத்தார். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, கண்ணா" என்றார். எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், கேளாதது எங்கள் குற்றம்.

காயில் ஆறியதும் வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. கால் மணி ஓட்டம், அரை மணி ஓய்வு என்று நான்கு தவணைகளில், இருள் நன்கு சூழ்ந்த வேளையில், பெண்ட்ரா ரோடு நிலையம் அமைந்துள்ள கௌரேலா ஊரை அடைந்தோம். அங்கே கடை அடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஒருவர், சூடான காயிலை உடனே மீட்டரில் பார்த்தார். மெல்லிய சுருளில் தொடர்பே காட்டவில்லை. நீரில் நனைத்த துணியால் ஆற்றிப் பார்த்தார். சில ஆயிரம் ஓம் காட்டியது. "சூட்டில் அறுகிறது, ஆறினால் ஒட்டுகிறது" என்றார். பின்புறம் பிரித்துப் போட்டிருந்த பழைய பெட்ரோல் ஜீப்பிலிருந்து ஒரு காயிலைக் கழற்றி, தடித்த சுருள் மூன்று ஓம் அளவு காட்டுவதைச் சரிபார்த்து, கூட்டல் கழித்தல் முனைகளை மாறாமல் இணைத்தார். கூலியாக அவர் கேட்ட தொகை எங்களை நாணச் செய்தது. சற்றுக் கூடுதலாகவே கொடுத்தோம். அன்றிரவே மலை ஏறினோம்.

அமர்கண்டகம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மேட்டுநிலம். ஏப்ரலிலும் விடியலில் போர்வை வேண்டியிருந்தது. வெண்ணிறக் கோயில்கள் சூழ்ந்த ஒரு குண்டத்தில் நர்மதை ஊற்றெடுக்கிறது. அங்கிருந்து மேற்கே 1,312 கிலோமீட்டர் ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. அதே மலையில் தோன்றுவதாகச் சொல்லப்படும் சோன் நதியோ வடகிழக்கே சென்று கங்கையோடு சேர்கிறது. ஒரு வீட்டில் பிறந்தவை இரு திசையில் போவதை அன்னையார் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். குண்டத்துக்கு அருகில் கலசூரிக் காலத்துக் கற்கோயில்கள் அமைதியாக நிற்கின்றன. 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட கர்ணன் பெயரால் ஒன்று வழங்குகிறது. சில கிலோமீட்டர் தொலைவில் கபிலதாரை என்னும் அருவியில், இளநதி நூறடி ஆழம் குதிக்கிறது. கோடையில் நீர் மெலிந்திருந்தாலும் ஓசை குறையவில்லை.

திதியை ராம்காட் படித்துறையில் செய்தோம். எள்ளும் நீரும் முதலில் இறைக்க வேண்டியவன் தம்பி என்று அன்னையார் சொன்னார். முறை அதுவன்று என்று யாரும் எடுத்துரைக்கவில்லை. இருவர் கையும் சேர்ந்தே நீர் வார்த்தன.

பழைய வண்டியில் இவ்வழிச் செல்லும் அன்பர்களுக்குச் சில சொற்கள். மாற்றுக் காயில் ஒன்றைக் கருவிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திருப்பி வைக்காதீர்கள். வண்டி சூட்டில் நின்றால் பேட்டரியை வதைக்காமல் முதலில் பொறி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையேல் ஆற விடுங்கள். மகுவாக் காலத்தில் பகலிலேயே காட்டைக் கடந்துவிடுங்கள்.

தம்பி சோஹாருக்குத் திரும்பிவிட்டான். இப்போது ஞாயிறுதோறும் பேசுகிறான். பேச்சு நலம் விசாரிப்பதோடு முடிவதில்லை. வரும் ஆண்டுத் திதிக்கும் அமர்கண்டகமே என்று முடிவு செய்திருக்கிறோம். எந்த வண்டியில் என்பதில் மட்டும் அன்னையாருக்கும் எங்களுக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.